ஏ ஷிஃப்ட் வாரத்து ஞாயிற்றுக்கிழமை

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்தி உள்ள வீட்டில் பிறந்தவர் என்றால் ராமானுஜர் அவதரித்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில். பொது அறிவுத் தேர்வுக்குப் படிப்பவர் என்றால் 1991 மே 21, ராஜீவ் காந்தி. நம்மை மாதிரி பிளேஸ்மென்ட்டுக்குக் காத்திருக்கும் ஆட்கள் என்றால் ஹூண்டாய், ரெனோ நிசான், ராயல் என்ஃபீல்டு, போன் அசெம்பிளி லைன். இந்த மூன்றிலும் வராத ஒரு ஸ்ரீபெரும்புதூர் இருக்கு. ஒரகடம் போற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, லாரி பார்க்கிங் தாண்டி, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன சர்ச். அங்கே பிறந்து வளர்ந்தவன் நான். சபை பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த கமிட்டியில் எங்க அம்மாவைத்தான் கேட்பாங்க.

மதப் பிரசங்கம் பண்ண வரலை, பயப்படாதீங்க. நான் சொல்ல வந்தது ஒரு டைம் டேபிள் பிரச்சினை.

முதலில் எங்க சபை ஆட்களைப் பற்றிச் சொல்லிடறேன். நாங்க பாஸ்டரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவி 'ஐயரம்மா'. பழைய மிஷன் சபைகளில் இது சாதாரணம். ஆனால் ராமானுஜர் ஊரில் இருந்துகொண்டு "ஐயர் வீட்டுக்கு வந்தாரு, ஜெபம் பண்ணிட்டு போனாரு" என்று வகுப்பில் சொன்னால் பக்கத்து பெஞ்ச் பசங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. முதல் வருடம் முழுக்க இதை விளக்கியே எனக்கு ஓய்ந்துவிட்டது.

ஞாயிறு காலை 8.30-க்கு ஆராதனை. பத்தே முக்காலுக்கு முடியும். நடுவில் அறிவிப்பு நேரத்தில் ஸ்தோத்திர காணிக்கை லிஸ்ட் வாசிப்பாங்க. யார் எதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக் காணிக்கை கொடுத்தார்கள் என்ற லிஸ்ட். உங்களுக்கு இந்தப் பகுதியின் வரலாறு வேண்டும் என்றால் இந்த லிஸ்ட்டைக் கேட்டாலே போதும். ஆயா சொல்வாங்க, அவங்க காலத்தில் "பசு கன்று ஈன்றதற்காக", "கிணற்றில் தண்ணீர் வந்ததற்காக" என்று வருமாம். அப்பா வாலிபனாக இருந்தபோது சிப்காட் வந்தது. "நிலப் பணம் கைக்கு வந்ததற்காக" என்று வாசித்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அது "வேலை பர்மனென்ட் ஆக வேண்டி" என்ற ஜெப விண்ணப்பமாக மாறியிருந்தது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது, சில வாரங்கள் அந்த லிஸ்ட் ரொம்பச் சின்னதாகிவிட்டது என்று அம்மா இப்பவும் சொல்வாங்க. இப்போ "அரியர் கிளியர் ஆனதற்காக" என்றுகூட வருது. அது யார் என்று கேட்காதீங்க.

இனி டைம் டேபிளுக்கு வருவோம்.

அப்பா ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். மூன்று ஷிஃப்ட். ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2. பி ஷிஃப்ட் 2 முதல் இரவு 10. சி ஷிஃப்ட் 10 முதல் காலை 6. வாரம் ஒருமுறை மாறும். வாரத்தில் ஒரு நாள் ஆஃப் உண்டு, ஆனால் அது ஞாயிறாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இந்த வருடம் முழுக்க அப்பாவுக்கு ஆஃப் புதன்கிழமை.

இப்போ கணக்குப் போடுங்க. பி ஷிஃப்ட் வாரம் என்றால் காலை ஆராதனைக்கு வரலாம், பன்னிரண்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ். சி ஷிஃப்ட் வாரம் என்றால் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்துவிட்டு, எட்டரைக்கு வந்து உட்காரலாம். பிரசங்கம் தொடங்கியதும் தலை தொங்கும். ஏ ஷிஃப்ட் வாரம் என்றால் வரவே முடியாது. நாங்கள் முதல் பாட்டு பாடும்போது அவர் ஒரு பிரஸ் மெஷினுக்கு அடியில் இருப்பார். ஆக மூன்று ஞாயிற்றில் ஒன்று முழுசு, ஒன்று அரைத்தூக்கம், ஒன்று இல்லை.

எங்க சபையில் மாதத்தின் முதல் ஞாயிறுதான் திருவிருந்து. அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அப்பாவுக்குத் தவறும்.

"கம்பெனி ஞாயிறு லீவு விட வேண்டியதுதானே" என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கேன். நம்ம ஊரில் ஞாயிறு விடுமுறை வானத்திலிருந்து விழவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்கில் போராடி, 1890-ல் வாங்கிய விடுமுறை அது. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமும் வாரத்தின் முதல் நாளை, அதாவது ஞாயிற்றைத்தான் விடுமுறை என்று வைத்தது. ஆனால் அதே பிரிவில் ஒரு கதவும் இருந்தது. அதற்கு முன் மூன்று நாளிலோ பின் மூன்று நாளிலோ ஒரு முழு நாள் லீவு கொடுத்தால் ஞாயிற்றில் வேலை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கதவு வழியாகத்தான் எங்க அப்பாவின் புதன்கிழமை வந்தது.

இதில் எல்லாத்தையும் கம்பெனிகளின் பேராசை என்று தள்ளிவிடவும் முடியாது. சில விஷயம் நிஜமாகவே நிறுத்த முடியாதது. ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி ஆலை இருக்கு. ஃப்ளோட் கிளாஸ் உலையை 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை பற்றவைத்தால் பத்து, பதினைந்து வருடம் அணைக்காமல் ஓட்டுவாங்க. இடையில் அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி உறைந்து உலையே வீணாகும். அதற்கு ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் தெரியாது. பிரஸ் ஷாப் அப்படி இல்லை, சுவிட்சை அணைத்தால் நிற்கும். எது நிற்க முடியாதது, எது நிறுத்த மனசில்லாதது என்று பிரித்துப் பார்க்கிற கண் மெக்கானிக்கல் படிக்கிற நமக்காவது இருக்கணும்.

பிரச்சினை வெடித்தது போன வருடம், வாக்காளர் பட்டியல் தயாரிக்கும்போது. சபைக் கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போட எங்க சபையில் மூன்று தகுதி பார்ப்பாங்க. திடப்படுத்தல் பெற்றிருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும், திருவிருந்தில் ஒழுங்காகப் பங்கெடுக்க வேண்டும். முதல் இரண்டில் அப்பாவுக்குச் சிக்கல் இல்லை. சந்தா மாதா மாதம் கூகுள் பேயில் போய்விடும். மூன்றாவதில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அவர் பெயருக்கு மட்டும் இல்லை, ஷிஃப்ட் பார்க்கும் நிறைய பேருக்கு.

அந்த லிஸ்ட்டை அம்மாதான் பார்த்தாங்க. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் அவங்க கமிட்டியில் இருக்காங்க. வீட்டில் வந்து சொன்னப்போ அப்பா ஒன்றும் பேசலை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "என்னை அந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் பண்ணாங்க, கல்யாணமும் அங்கதான். நாளைக்கு அடக்கத்துக்கும் அங்கதான் தூக்கிட்டுப் போவாங்க. கேள்விக்குறி எதுக்கு?" என்றார். அவ்வளவுதான். பிறகு பத்து நாளைக்கு அதைப் பற்றிப் பேசவே இல்லை. எங்க அப்பா கோபத்தில் கத்துகிற ஆள் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பாவாவது பட்டியலில் பென்சில் குறியோடு இருந்தார். பட்டியலிலேயே இல்லாதவர்கள் கடைசி மூன்று பெஞ்சில் இருக்காங்க.

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் லைனில் வேலை பார்க்கும் அக்காமார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு ஒரே வளாகமாகக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்த மாதிரி பெரிய ஹாஸ்டல்களும் உண்டு, நாலு அறை கொண்ட வாடகை வீடுகளும் உண்டு. இந்த அக்காமார்களின் சொந்த ஊர்ச் சபைகள் பெரியவை. குவயரில் நாலு குரலில் பாடி வளர்ந்தவர்கள். இங்கே வந்து எங்க பழைய கீபோர்டுக்கு ஏற்ப சுதியை இறக்கிக்கொள்வாங்க. ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வந்தால் இங்கே அங்கத்தினர் ஆகலாம். ஏன் வாங்கலை என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். "தம்பி, என் காண்ட்ராக்ட் எத்தனை மாசம்னு எனக்கே தெரியாது. கடிதத்தைக் கொண்டாந்துட்டு, அடுத்த மாசம் ஓசூருக்குப் போகச் சொன்னா?" என்றாங்க. ஊரில் ஆள் இல்லை என்று பெயரை எடுத்துவிடுவார்கள், இங்கே கடிதம் இல்லை என்று சேர்க்க மாட்டார்கள்.

அவர்கள் நம்புவதற்கு நேரம் எங்கே எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அதிகாலை நாலரைக்கு, அறையில் மற்றவர்கள் தூங்கும்போது, பங்க் கட்டிலில் போர்வைக்குள் ஜெபம். லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது. ஓர் அக்கா அன்றைக்குப் படித்த சங்கீதத்தின் எண்ணை மட்டும் பேனாவால் மணிக்கட்டில் எழுதிக்கொள்வாங்களாம், நிலைமின்சாரத்துக்காகக் கட்டும் பட்டைக்கு அடியில். "டீ பிரேக்ல பட்டையைக் கழட்டும்போது நம்பரைப் பார்ப்பேன், மிச்சம் மனசுலயே வரும்" என்றாங்க. நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கியவன். இந்த அளவுக்கு ஒரு சங்கீதமும் என்னோடு வந்ததில்லை.

இன்னொரு பெஞ்சில் ஜார்க்கண்ட் பையன்கள். ராஞ்சிப் பக்கத்தில் 1845-லேயே கோஸ்னர் மிஷன் வந்துவிட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக லுத்தரன் குடும்பங்கள் உண்டு. இவர்களுக்குத் தமிழ் சுத்தமாகப் புரியாது. ஆனால் பாமாலைப் பாட்டுகள் நிறைய வெளிநாட்டு மெட்டுகளில்தானே இருக்கு. கீபோர்டில் மெட்டு தொடங்கியதும் அவர்கள் முகம் மாறும். நாங்கள் தமிழில் பாட, அவர்கள் ஹிந்தியில் பாடுவாங்க. கடைசிச் சரணம் வரைக்கும் ஒன்றாகவே வந்து முடிப்போம். பிரசங்கம் தொடங்கினால் மறுபடி அந்நியர்களாகிவிடுவோம்.

சரி, பென்சில் குறிக்கு வருவோம். அம்மா என்னிடம் ஒரு வேலை கொடுத்தாங்க: "நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற, ஒரு வழி கண்டுபிடி." நான் எக்ஸெலில் ஒரு அட்டவணை போட்டேன். மூன்று ஷிஃப்ட், பஸ் நேரம், தூக்க நேரம். விடை ரொம்ப எளிது. ஞாயிறு சாயங்காலம் 5.30-க்கு இன்னொரு ஆராதனை வைத்தால், ஏ ஷிஃப்ட் ஆட்கள் மூன்று மணிக்கு வீடு வந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வரலாம். சி ஷிஃப்ட் ஆட்கள் பகல் முழுக்கத் தூங்கிவிட்டு வந்து, முடிந்ததும் பஸ் பிடிக்கலாம். பி ஷிஃப்ட்டுக்குக் காலை ஆராதனை இருக்கவே இருக்கு. இரண்டு ஆராதனை, மூன்று ஷிஃப்ட், ஒருவரும் விடுபடலை.

காகிதத்தில் சுலபம். ஐயருக்கு எங்க சபை மட்டும் இல்லை, சுற்றுக் கிராமச் சபைகளும் அவர் பொறுப்பு. ஞாயிறு சாயங்காலம் அவர் வேறு கிராமத்தில் இருப்பார். ஜெபத்தை, பாட்டை, வேதவாசிப்பைச் சபையார் யாரும் நடத்தலாம். திருவிருந்தை மட்டும் குருப்பட்டம் பெற்றவர்தான் நடத்த முடியும். அதனால் சாயங்கால ஆராதனை வைத்தாலும் கேள்விக்குறி அப்படியே நிற்கும்.

இரண்டாவது தடை எங்க ரிடையர்டு எச்.எம். ஐயா. அவரை வில்லன் ஆக்கிவிடாதீங்க. எனக்கும் என் அப்பாவுக்கும் ஞாயிறு பள்ளி எடுத்தவர் அவர். கூரை ஒழுகியபோது சொந்தப் பணத்தில் ஓடு மாற்றியவர். பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டது இதுதான்: "ரெண்டு ஆராதனைன்னா ரெண்டு சபை ஆயிடும்மா. காலையில வர்றவன் சாயங்காலம் வர்றவன் முகத்தை எப்போ பார்ப்பான்? செத்தா தூக்கறதுக்கு யாரு யாரைக் கூப்பிடுவாங்க?" அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. என் அட்டவணையிலும் அதற்கு ஒரு காலம் இல்லை. இன்னொரு வேடிக்கை, அந்தக் கூட்டம் நடந்தது ஞாயிறு காலை பதினொன்றுக்கு. அப்பாவுக்கு அன்றைக்கு ஏ ஷிஃப்ட்.

அப்போதுதான் ஆயா எழுந்தாங்க. கமிட்டி, தீர்மானம் எதிலும் வாய் திறக்காத ஆள். "எச்சம் தம்பி, எங்க காலத்துல ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு எங்க இருந்துச்சு? ஆண்டை வேலை முடிஞ்சாத்தானே ஜெபம்? நாத்து நடவு அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு உபதேசியாரு லாந்தர் எடுத்துக்கினு நம்ம தெருவுக்கு வருவாரு. சேத்தோட உக்காந்து பாடினோம். அப்ப யாரும் நேரத்தைச் சொல்லி எங்களைத் தள்ளலையே" என்றாங்க.

ஆயா சொன்னதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கு மக்களே. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலமில்லாத விவசாயக் கூலிகளாக, பலர் பண்ணையடிமைகளாக இருந்த தலித் மக்கள்தான் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கூட்டம் கூட்டமாகச் சபைகளுக்கு வந்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றவர்கள் அவர்களுக்கு நிலமும் மனையும் கேட்டு அரசிடம் வாதாடினார்கள். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் அந்த மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்த 1892-ம் வருட அரசாணையிலிருந்துதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கே, பெயரைக் கேட்டாலே தெரியும், ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள் அமைத்த குடியிருப்பு. ஆக, எங்க சபையின் முதல் ஆட்கள் தங்கள் நேரத்துக்குத் தாங்களே சொந்தக்காரர்களாக இல்லாதவர்கள். அவர்களுக்கு ஏற்றபடிதான் ஜெப நேரம் வளைந்தது. காலை 8.30 என்பது அவர்கள் பிள்ளைகள் படித்து, வாத்தியாராகி, ஞாயிறு லீவு கிடைத்த பிறகு வந்த நேரம்.

எச்.எம். ஐயா கொஞ்ச நேரம் பேசலை. அவர் அப்பாவும் அந்த லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்தவர்தான். பிறகு, "ஆறு மாசம் பார்ப்போம்" என்றார். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் மட்டும் ஐயர் கிராமச் சபையின் நேரத்தை மாற்றிக்கொண்டு இங்கே திருவிருந்து நடத்துவது, மற்ற சாயங்காலங்களில் சபையாரே நடத்துவது என்று முடிவானது. பென்சில் குறிகளை ஐயரே ரப்பரால் அழித்தார்.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீங்க. முதல் சாயங்காலம் பதினோரு பேர்தான் வந்தோம். கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை. பிறகு ஹாஸ்டல் அக்காமார்கள் நாலு குரலில் பாட ஆரம்பித்ததும் கூட்டம் கூடியது. ஆனால் அவர்களுக்கும் அவுட் பாஸ் நேரம் முடிந்தால் கேட் மூடிவிடும், ஆசீர்வாதம் சொல்வதற்குள் செருப்பைத் தேட வேண்டியிருக்கு. மாற்றுக் கடிதம் இல்லாதவர்களைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. எச்.எம். ஐயா பயந்ததும் பாதி நடந்துவிட்டது. அப்பாவோடு சின்ன வயதில் கிறிஸ்துமஸ் பவனி போன நண்பர்கள் காலையில் வர்றாங்க, அப்பா பெரும்பாலும் சாயங்காலம். "அவனைப் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சுடா" என்று அன்றைக்கு யாரைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீடு எங்க தெருவுக்கு மூன்றாவது தெரு.

இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தது இந்த வருட அறுப்பின் பண்டிகையில்தான். முன்னெல்லாம் நெல் மூட்டை, பூசணி, கோழி என்று வந்து குவியுமாம். இப்போ அறுக்க வயல் இல்லை, பிரஷர் குக்கரும் பிஸ்கட் டின்னும்தான் அதிகம். யாரோ கொல்லையில் காய்த்த ஒரே ஒரு பூசணிக்காயை ஏலத்துக்கு வைத்தார்கள். எச்.எம். ஐயா ஒரு பக்கம், ஜார்க்கண்ட் பையன்கள் காசு சேர்த்துக்கொண்டு இன்னொரு பக்கம். அவர்களுக்குத் தமிழில் எண்கள் மட்டும் நன்றாக வருது. கடைசியில் பையன்கள்தான் எடுத்தார்கள். எடுத்துக்கொண்டுபோய் ஆயா கையில் கொடுத்துவிட்டார்கள். சமைக்க அவர்கள் அறையில் அடுப்பு இல்லையாம். மறுநாள் எங்க வீட்டில் பூசணிக்காய் சாம்பார், எட்டுப் பேர் சாப்பிட்டோம்.

உங்களிடம் சொல்ல ஒன்று பாக்கி இருக்கு. நம்மில் பாதிப் பேர் அடுத்த வருடம் இந்த காரிடாரில்தான் எங்கேயாவது டிரெய்னியாகச் சேரப் போறோம். கோயிலுக்குப் போறவங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, எங்கேயும் போகாம கிரிக்கெட் ஆடப் போறவங்க, எல்லாரும்தான். ஆஃபர் லெட்டர் வந்ததும் சி.டி.சி. எவ்வளவு என்று பார்ப்போம். அதே காகிதத்தில் வாராந்திர விடுமுறை எந்தக் கிழமை, அதை யார் தீர்மானிப்பாங்க என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன்னால் அந்த வரியையும் ஒருமுறை படிச்சிடுங்க. அந்த வரி இல்லை என்றால், கேளுங்க.